காரணம் என்ற கட்டம்

2025 பெப்ரவரி 14, வெள்ளி

அலுவலகத்திலிருந்து பாக்கியரத்தினம் சேர் போன் எடுத்தார். வீட்டில் தனிய இருந்தால் மனம் கண்டதையும் யோசிக்குமாம். 24ஆம் திகதி திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட்டால் எனக்குத்தான் நல்லதாம். ஐந்து வருஷமாக அவரிடம் வேலை செய்கிறேன், என் மனதின் மேல் அவருக்கு இவ்வளவு அக்கறை இருப்பது இன்றுதான் தெரிந்தது. எங்களுடையது கப்பல் ஏஜென்சி, மார்ச்சில் கப்பல்கள் கூடுதலாக வரும். அதுதான் விஷயம்.

பிள்ளை பிறந்து இன்று ஒன்பதாம் நாள்.

பெண்பிள்ளை. முப்பத்தெட்டாம் கிழமை வயிற்றிலேயே உயிர் போய்விட்டது. பிறகும் பதினொரு மணித்தியாலம் நோவெடுத்துத்தான் பெற்றேன். பார்க்க வேண்டாம், பார்த்தால் மறக்க ஏலாது என்று அம்மா தடுத்தா. மறப்பதற்கா பெற்றேன்? வாங்கிப் பார்த்தேன். தகப்பன் சீலனின் நெற்றி. விரல்கள் என்னுடையவை.

பெப்ரவரி 16, ஞாயிறு

பால் கட்டி நெஞ்செல்லாம் நெருப்பு. கறிக்கு வாங்கிய கோவாவில் இலை உரித்து அம்மா வைத்துக் கட்டிவிட்டா. எல்லோரும் நடந்ததை மறக்கச் சொல்கிறார்கள். உடம்பு கேட்கிறதா பார்.

பெப்ரவரி 17, திங்கள்

பக்கத்து வளவு மாமி வந்தா. சின்ன வயசுதானே, அடுத்த வருஷமே இன்னொன்று பிறக்கும் என்றா. உங்கட மூத்த மகன் போனால் இளையவர் இருக்கிறார் என்று நான் வந்து சொல்லட்டுமா என்று கேட்டேன். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டா. நான் கேட்டது பிழை என்று அம்மா சொல்கிறா. பிழைதான். ஆனால் இரவு நன்றாக நித்திரை வந்தது.

பெப்ரவரி 19, புதன்

இன்று சீலனோடு பெரிய சண்டை.

பிள்ளையைப் புதைத்த மறுநாளே எனக்காக லீவுப் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறார். காரணம் என்ற கட்டத்தில் "சுகவீனம்" என்று எழுதியிருக்கிறார். எனக்கு என்ன சுகவீனம்? தடிமனா, வயிற்றோட்டமா? நான் பிள்ளை பெத்தனான். ஒன்பது மாதம் அந்த வயிற்றோடுதான் ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் ஏறி இறங்கினேன், அப்போது எல்லோருக்கும் கண் தெரிந்ததுதானே?

"வேற என்னத்த எழுதச் சொல்லுறாய்?" என்று கேட்டார் சீலன். கேட்டுவிட்டு அழுதார். குழியில் வைத்தது அந்த மனுசன். நான் கத்தியிருக்கக் கூடாது. ஆனாலும் அந்தச் சொல்லை விடமாட்டேன்.

பின்னேரம் சனூஸா அக்காவுக்குப் போன் எடுத்தேன். கிண்ணியாவிலிருந்து வருகிறவ, எனக்குப் பக்கத்து மேசை. அவவாவது என் பக்கம் நிற்பா என்று நினைத்தேன். "காய்ச்சல் எண்டு எழுதினாலும் ஒண்டுதான் லதுசா. ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டாங்க" என்றா. எவ்வளவு லேசாகச் சொல்கிறா. அவவுக்கு என்ன, மூன்று பிள்ளைகள். போனை வைத்துவிட்டேன்.

பெப்ரவரி 20, வியாழன்

மிட்வைஃப் மிஸ் ஸ்கூட்டியில் வந்தா. தையலைப் பார்த்தா, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தா. பிறகு கொப்பியை விரித்து, பிள்ளை என்ன நிறை என்று கேட்டா. இந்தப் பதினைந்து நாளில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள்.

இரண்டு கிலோ எழுநூறு.

உயிரோடு பிறக்காத பிள்ளைக்கும் பிரசவ லீவு உண்டாம், ஆறு கிழமை. சட்டத்தில் இருக்கிறதாம். புதுப் படிவம் எழுதிக் கொடுங்கோ என்றா.

பெப்ரவரி 24, திங்கள்

வேலைக்குப் போகவில்லை.

பெப்ரவரி 26, புதன். சிவராத்திரி

கோணேஸ்வரத்துக்குப் போவோமா என்று சீலன் கேட்டார். அம்மா குசினிக்குள் இருந்து ஓடிவந்தா. "துடக்குத் தீட்டோட கோயிலுக்குப் போறதோ? முப்பத்தொண்டாம் நாள் கழியட்டும்."

"என்ன துடக்கம்மா?" என்று கேட்டேன்.

"பிள்ளைத் துடக்குத்தான்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அம்மாவுக்கே கேட்டிருக்க வேண்டும். மூன்று கிழமையாக, பிறக்காததாய் நினை, பிறக்காததாய் நினை என்று சொன்ன வாய். கோயில் வாசலில் மறிக்க மட்டும் பிள்ளை பிறந்திருக்கிறது. லீவுக்கு என்றால் பிறக்கவில்லை. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனா.

எனக்கோ பத்து ஆளின் தெம்பு வந்துவிட்டது.

பெப்ரவரி 28, வெள்ளி

துடக்கோடு ஓட்டோ பிடித்து அலுவலகத்துக்குப் போனேன். அது கோயில் இல்லையே.

சேர் எழும்பிக் கதிரை காட்டினார். நான் இருக்கவில்லை, நின்றேன். படிவத்தை மேசையில் வைத்தேன். காரணம்: பிரசவம். ஆறு கிழமை. வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். பிரசவ லீவு என்றால் பிள்ளையைப் பார்க்கத் தருகிறது, இங்கே பிள்ளை இல்லையே என்றார். பழையபடி சுகவீனம் என்றே இருக்கட்டும், வேண்டுமென்றால் ஆறு கிழமைக்கு மேல் இன்னும் பத்து நாள் கூட்டித் தருகிறேன் என்றார். நல்ல மனுசன்தான். நாள்தான் வேண்டும் என்றால் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

அவர் முழங்கைக்குப் பக்கத்தில் கப்பல் வருகைப் பதிவேடு இருந்தது. துறைமுகத்துக்கு வரும் எங்கள் கப்பல்களை நான்தான் அதில் எழுதுவேன்.

"சேர், போன வருசம் சீமெந்துக் கிளிங்கர் கப்பல் ஒண்டு வந்து ஒரு நாள் நங்கூரம் போட்டு நிண்டிட்டு, ஒண்டும் இறக்காமல் திரும்பிப் போனது. இறக்கேல்லைத்தானே எண்டு நான் எழுதாமல் விட்டனான். எல்லாருக்கும் முன்னால ஏசினீங்கள். என்ன சொன்னீங்கள் எண்டு ஞாபகம் இருக்கோ?"

ஞாபகம் இருந்தது. முகத்தில் தெரிந்தது. நானே சொன்னேன்.

"வந்த கப்பலை வரேல்லையெண்டு எழுத நீர் ஆர் எண்டு கேட்டீங்கள். என்ர பிள்ளையும் வந்தவ, சேர்."

அழக்கூடாது என்று நினைத்துத்தான் போனேன். அழுதேன். ஆனால் நின்றுகொண்டுதான் அழுதேன்.

படிவத்தை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். ஓமென்றும் இல்லை, ஏலாதென்றும் இல்லை. வெளியே எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், கேட்டிருக்கும். சனூஸா அக்கா மட்டும் தலை நிமிரவேயில்லை. இருக்கட்டும்.

மார்ச் 3, திங்கள்

ஒரு பதிலும் இல்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலாது என்பார்கள். எனக்குச் சேரின் வாயைத் திறப்பிக்கத்தான் வழி தெரியவில்லை.

மார்ச் 8, சனி

முப்பத்தொன்று. நான் ஒன்றும் கேட்கவில்லை. விடிய எழும்பி வீடு கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, எனக்குத் தலையில் வார்த்தது அம்மாதான். ஐயரைக் கூப்பிடவில்லை. "பேத்திக்குச் செய்யாமல் ஆருக்குச் செய்யிறது" என்றா, என்னைப் பார்க்காமல்.

பின்னேரம் சீலன் கூட்டிக்கொண்டுபோய்ப் பிள்ளையை வைத்த இடத்தைக் காட்டினார். பெண்கள் அங்கே போகிற வழக்கம் இல்லை. போனேன். சின்ன மேடு. ஒரு வேப்பங்கன்றுக்குப் பக்கத்தில்.

மார்ச் 20, வியாழன்

வேலைக்குப் போனேன். காலையிலேயே இரண்டு கப்பல். முதல் வேலையாக லீவுப் பதிவைத் திறந்தேன். என் பெயருக்கு நேரே "சுகவீனம்" ஒரு கோட்டால் வெட்டியிருந்தது. மேலே சேரின் சாய்ந்த எழுத்தில் "பிரசவம்". பக்கத்தில் அவரது சின்னக் கையொப்பம். பிழை திருத்துகிற முறை அதுதான். சேர் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. கப்பல் விபரத்தைத்தான் கேட்டார்.

மத்தியானம் அவர் துறைமுகத்துக்குப் போன பிறகு, சனூஸா அக்கா அலுமாரியின் அடித்தட்டில் குனிந்து எதையோ தேடினா. 2017ஆம் ஆண்டு லீவுப் பதிவு. தூசியைத் துடைத்து என் மேசையில் விரித்து, ஒக்டோபரில் விரலை வைத்தா. சனூஸா. காய்ச்சல். ஒன்பது நாள்.

"ஆம்புளப் புள்ள" என்றா. "வயித்துல எட்டு மாசம். பத்தாம் நாள் வந்து இந்தக் கதிரையில இருந்தன்."

போனை வைத்த அந்தப் பின்னேரம் நினைவுக்கு வந்தது. என்னைச் செருப்பால் அடிக்கலாம். அவவின் கையைப் பிடித்தேன். விடுவித்துக்கொண்டா. கோபத்தில் இல்லை, அவவுக்குப் பேனை வேண்டியிருந்தது.

காய்ச்சல் என்ற சொல்லின் மேல் நான் அடிமட்டத்தை நேராகப் பிடித்தேன். அவ கோடு போட்டா, மேலே எழுதினா, பக்கத்தில் கையொப்பம் வைத்தா. மை காயுமட்டும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

அப்போதுதான் சேர் திரும்பி வந்தார். பழைய பதிவை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டார்.

"ஒரு பிழை இருந்தது, சேர்" என்றா சனூஸா அக்கா. "திருத்திட்டம்."