சேகர் வீட்டின் கடல் கோடு

நேற்று மத்தியானம் சேகர் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள்ளிருந்து நாம் நான்கு வருடத்துக்கு முன்னால் அவருக்குப் பாஸ் வாங்கிக் கொடுத்த வீட்டு பிளானை எடுத்து என் மேசையில் விரித்தார். நகராண்மைக் கழக முத்திரை கரைந்து ஊதாக் கறையாகப் படர்ந்திருந்தது. மடிப்பெல்லாம் ஊறிக் கூழாகியிருந்தது. தாள் விரிந்ததுமே அறை முழுக்க அந்த வாடை வந்துவிட்டது. கடலோரச் சதுப்பில் வளரும் பாக்காவ் மரத்தடிச் சேற்றின் வாடை. அழுகிய இலை, உப்பு, நண்டு எல்லாம் சேர்ந்தது. பன்னிரண்டு வருடமாக நீ பூட்ஸில் அள்ளிக்கொண்டு வந்து, நான் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவித் திட்டிய அதே வாடை. நான் சட்டென்று நிமிர்ந்து வாசலைப் பார்த்தேன். நீ போய் மூன்று வருடம் முடிந்துவிட்டது என்பது பார்த்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"அலமாரிக் கீழ்த்தட்டுல வெச்சிருந்தேன் மேடம். பசாங் ஏறி கடல் தண்ணி அடுப்படி தாண்டி உள்ள வந்துருச்சி," என்றார் சேகர்.

சேகரை நீ மறந்திருக்க மாட்டாய். சிங்கப்பூரில் வெல்டிங் வேலை. இருபது வருடமாக இருட்டு விலகும் முன்பே மோட்டார் சைக்கிளில் ஜொகூர் பாலத்தைக் கடந்து போய்ச் சேர்த்த காசில், பொந்தியான் கடலோரத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கியவர். மகள் கல்யாணம் சொந்த வீட்டு வாசலில்தான் நடக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். நம் மாடி அலுவலகத்துக்கு முதன்முதலில் வந்த அன்று நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தார். அவரிடம் பேசுவதும் பிளான் வரைவதும் என் வேலை, நிலத்தை அளப்பது உன் வேலை. அப்படித்தான் நாம் பிரித்துக்கொண்டிருந்தோம். வாடிக்கையாளரோடு பேசினால் உனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், சேற்றில் இறங்கினால் எனக்குச் செருப்பு ஒட்டிக்கொள்ளும் என்று நீயே சொல்லிச் சிரிப்பாய்.

உன் அளக்கும் முறையே தனி. மற்றவர்கள் பழைய சர்வே படத்தைப் பார்த்துக் கடல் எங்கே என்று தெரிந்துகொள்வார்கள். நீ படத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, மாதா கோயில் காலண்டரில் அமாவாசையும் பௌர்ணமியும் எப்போது என்று பார்ப்பாய். இங்கே எல்லாரும் பசாங் என்று சொல்கிற அந்தப் பெரிய கடல் ஏற்றத்தன்று போய், கடலைத் தடுக்கும் மண் வரம்பின் மேல் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாய். தண்ணீர் ஏறி, நின்று, திரும்பியதும் அது போட்டுவிட்டுப் போன குப்பைக் கோட்டைத் தேடுவாய். சுள்ளி, பாட்டில் மூடி, பாக்காவ் காய். அந்தக் கோட்டில் ஒரு குச்சியை நடுவாய். அடுத்த பசாங்குக்கும் போவாய்.

ஒரே நாளில் முடிகிற வேலைக்கு ஏன் இரண்டு தடவை என்று நான் அலுத்துக்கொண்டேன். வாயில் கறிபாப்பை வைத்துக்கொண்டே நீ சொன்னாய்: "மொத தடவ வந்தா விருந்தாளிடி. ரெண்டாவது தடவையும் அங்கேயே வந்து நின்னா அது வீட்டு ஆளு."

சேகர் நிலத்துக்கும் இரண்டு தடவை போனாய். இரண்டாவது தடவை திரும்பி வந்தபோது உன் முகம் சரியில்லை. கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்து என் முன்னால் வைத்தாய். சர்வே படத்தில் மண் வரம்புக்கு அப்பால் இருந்த கடல், உன் தாளில் வரம்பின் உடைப்பு வழியாக உள்ளே வந்து, நிலத்தின் பின்பக்கத்தைக் கால்வாசி வெட்டிக்கொண்டு போனது. நான் வரைந்து முடித்திருந்த வீட்டின் அடுப்படி அந்தக் கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தது.

"வீட்டக் கொறைக்கணும். இல்லன்னா தூண் போட்டுத் தூக்கணும்," என்றாய்.

"அலமாக்! பங்குனில கல்யாணம் வெச்சிருக்காங்க. இப்பப் போயி திரும்ப வரைஞ்சு, இஞ்சினியர் கையெழுத்து வாங்கி, எப்ப பாஸ் ஆவுறது?"

"கல்யாணம் ஒரு நாளுடி. அந்த வீட்டுல இருக்கப் போறது எத்தன நாளு?"

உண்மையைச் சொல்வதென்றால், சேகர் மகளின் கல்யாணம் பாதிக் காரணம்தான். மீதி என் திமிர். இவள் கொடுத்த பைல் திரும்பி வராது என்று நகராண்மைக் கழகக் கவுன்டரில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை நான் நகை போலப் போட்டுக்கொண்டு திரிந்தேன். சேகரிடம் போய், உங்கள் நிலத்தில் கால்வாசி கடலுடையது என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலை பைலைக் கட்டிக்கொண்டிருந்தேன். பழைய சர்வே படத்தை உள்ளே வைத்தேன். உன் தாளை என் மேசை இழுப்பறையில் போட்டு, அதன் மேல் ஸ்டேப்ளர் பெட்டியை வைத்தேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தாய். இரண்டு வாரமாக வலி இருந்தது, வாயு என்று நாம் இருவருமே நினைத்தோம்.

"என் தாளு உள்ள இருக்கா?" என்று கேட்டாய்.

"இருக்கு," என்றேன்.

நீ எழுந்து வந்து பார்க்கவில்லை. பன்னிரண்டு வருடத்தில் என் பைலை நீ ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை. அந்த வாரமே உன்னை ஜொகூர் பாரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அதன் பிறகு நீ அலுவலகப் படி ஏறவே இல்லை.

வீடு பாஸ் ஆனது. பாஸ் கொடுத்தவர்கள் மேல் குற்றமில்லை. தாளில் இருந்ததைப் பார்த்தார்கள், தாளின்படி கடல் தூரத்தில் இருந்தது. தாளில் இல்லாததைக் காட்ட வேண்டியவள் நான்தான். சேகர் லட்டு கொண்டு வந்தார். நீ போன பிறகு வந்த பங்குனியில் கல்யாணம் நடந்தது. பந்தலில் எல்லாரும் மணமக்களைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் வீட்டுக்குப் பின்னால் மண் வரம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று பசாங் இல்லை. ஆனாலும் அங்கே குடையோடு யாரோ உட்கார்ந்திருப்பதாகவே எனக்குப் பட்டது. போய்ப் பார்த்தால் கிழிந்த உரச் சாக்கு ஒன்று கம்பியில் மாட்டி ஆடிக்கொண்டிருந்தது.

நீ பேயாக வருகிற ஜாதி இல்லை. பெக்கோக் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், பேய்க்கதை சொன்னவர்களையே கேலி செய்து விரட்டியவள். அதனால்தான் எனக்குப் பயம் அதிகம். பேய் என்றால் தாயத்து கட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு பைலின் மேலும் நாடாவைக் கட்டும்போது எதிர் மேசையிலிருந்து "என் தாளு உள்ள இருக்கா?" என்று ஒரு குரல் கேட்கிறதே, அதற்கு என்ன கட்டுவது? அந்த மேசையை விற்றுப் பார்த்தேன். வெறும் சுவரிலிருந்து கேட்டது. கடலோர வேலை எது வந்தாலும் ஆளில்லை என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று சேகர் கேட்டது சின்ன உதவிதான். வீட்டுக்குப் பின்னால் ஒரு தடுப்புச் சுவர், அதற்கு ஒரு பெர்மிட். பழைய பிளானைக் காய வைக்க விசிறியை அதன் பக்கம் திருப்பியபடி சொன்னார்: "உங்க மேல ஒரு கொறையும் இல்ல மேடம். கடலு இப்பிடி ஏறி வரும்னு யாருக்குத் தெரியும், சொல்லுங்க?"

எவ்வளவு வசதியான கேள்வி. உலகம் முழுக்கக் கடல் ஏறுகிறது என்று டிவியிலேயே சொல்கிறார்கள். ஆமாம் சேகர், யாருக்குத் தெரியும் என்று நான் சொல்லியிருந்தால் அவர் தேநீர் குடித்துவிட்டுப் போயிருப்பார். சொல்ல வாயையும் திறந்துவிட்டேன். ஆனால் அந்தச் சேற்று வாடை தொண்டை வரை வந்து நின்றது. உனக்குத் தெரியும். உனக்கு நன்றாகத் தெரியும். யாருக்கும் தெரியாது என்று நான் சொன்னால், நீ என்று ஒருத்தி இருக்கவே இல்லை என்று ஆகிவிடும்.

இழுப்பறையைத் திறந்து உன் தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. சேகர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

இன்று காலை போன் செய்தார்.

"நானே டேப் வெச்சு அளந்து பாத்தேன் மேடம். அந்தம்மா போட்ட கோடு அடுப்பு நடுவுல போவுது. தண்ணி வந்து நின்ன கறையும் அங்கதான் இருக்கு. சரியா சொல்லியிருக்காங்க. அந்தம்மாகிட்ட நான் ஒரு நாளும் பேசினதே இல்ல. சேத்துல நிப்பாங்க, கை காட்டிட்டுப் போயிருவேன். நின்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"நான்தான் சேகர்..." என்று ஆரம்பித்தேன்.

"வேணாம் மேடம். வேற ஆள வெச்சு வீட்டத் தூக்குறதுக்கு என்ன வழின்னு பாத்துக்கிறேன். இந்தத் தாளு என்கிட்டயே இருக்கட்டும்."

அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஆக, உன் தாள் போக வேண்டிய பைலுக்குப் போய்ச் சேரும். என் கையால் அல்ல, அதுவும் நியாயம்தான். பைலில் வைத்த பொய் நேற்றோடு தீர்ந்தது. உன்னிடம் சொன்னது இன்னும் தீரவில்லை.

கடைசியாக உன்னைப் பார்க்க வந்த அன்று, மருத்துவமனைக் கட்டிலில் உன் கை குச்சியாக இருந்தது. பேசவே மூச்சு போதவில்லை. உன் அண்ணன் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். நீ கேட்டாய்: "சேகர் வீட்டத் தூக்கினாங்களா?"

"தூக்கிட்டாங்க," என்றேன்.

சாகப் போகிற நேரத்திலும் நீ விடவில்லை. "எவ்ளோ?" என்றாய்.

"நாலடி."

நீ கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் தண்ணீரை அளந்தாய். எனக்குத் தெரிந்தது. பிறகு என் விரலை அழுத்தினாய். "நாலடி போதும்," என்றாய். முகமே தெளிந்துவிட்டது. மூன்றாம் நாள் போய்விட்டாய்.

மூன்று வருடமாக நான் தூக்கிக்கொண்டு திரிவது அந்த முகத்தைத்தான். நிம்மதியாகத்தான் போனாய் என்று உன் அண்ணன் இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்கிறார். அந்த நிம்மதி நான் கொடுத்தது. அதை இப்போது உன்னிடமிருந்து பிடுங்குகிறேன். என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. அளவு தப்பாக இருந்தால் உனக்குப் பிடிக்காது, அதனால் சொல்கிறேன். நாலடி இல்லையடி. ஓரடிகூட இல்லை. வீடு தரையில்தான் இருக்கிறது.