கார்த்திகை ஞாயிறும் நம் பாய்ப்படகும்

ஞாயிற்றுக்கிழமைகளை எனக்குக் கொடுத்த கோதண்டம் அண்ணனுக்கு,

ஏரி நிரம்பிவிட்டது அண்ணே. ஐப்பசி முழுக்க ஏமாற்றிய மழை, கடைசி வாரத்தில் கொட்டித் தீர்த்தது. கலிங்கல் வழிகிறது. வாடைக்காற்றும் வந்தாயிற்று. நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் போன் செய்து, "வாத்தியாரே, பாயை எடுத்து ஒதறுங்க"ன்னு சொல்லியிருப்பீர்கள், இல்லையா?

நானே போய் உதறினேன். உங்கள் மாட்டுக்கொட்டகையில் கவிழ்த்து வைத்த படகுக்கு அடியில் இந்த வருஷமும் கோழி அடை உட்கார்ந்திருந்தது. "அவரு இருந்தவரைக்கும் தொரத்தினேன். இப்ப மனசு வரல, நீங்களே கூடைக்கு மாத்துங்க சார்" என்றார்கள் அண்ணி. மாற்றினேன். கையில் இரண்டு கொத்து வாங்கினேன்.

கடற்படையிலிருந்து ஓய்வு பெற்று நீங்கள் கள்ளக்குறிச்சிக்கு வந்ததும், பிளைவுட்டில் படகு செய்து லாரி தார்பாயைப் பாயாகக் கட்டியதும் இன்றைக்கும் டீக்கடையில் பேச்சுதான். "இன்னா கோதண்டம், படகு இருக்கு, கடல் எங்க?" என்று சிரித்தார்கள். "மழை பெய்யட்டும், வரும்" என்றீர்கள். தியாகதுருகம் மலைக்கோட்டையைப் பார்த்தபடி கிடக்கும் நம் ஏரியில் இப்போது ஆறு பாய்ப்படகுகள். கரும்பு போடுகிறவர், பஸ் கண்டக்டர், மருந்துக்கடை பாஷா, நான் என்று எல்லோரும் கார்த்திகை முதல் மாசி வரை ஞாயிறானால் கரையில்தான். வீட்டுப் பெண்கள் தூக்குவாளியில் பொங்கலும் வடையும் கொண்டுவருவார்கள். நெல்லுக்கு மதகைத் திறந்து தண்ணீர் இறங்கிவிட்டால் முணுமுணுக்காமல் படகைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். நீங்கள் வைத்த ஒழுங்கு அது.

நீங்கள் வைத்த இன்னொரு வழக்கத்தைத்தான் நான் ஊரெல்லாம் சொல்லி மெச்சுவேன். ஜெயித்த படகு அடுத்த பந்தயத்தில் படகோட்டத் தெரியாத ஒருவரைக் கூடுதலாக ஏற்றிக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் முந்தி வந்த பையன், அடுத்த முறை தங்கச்சியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவது போல. பாரம் ஏறும், வேகம் குறையும், மற்றவர்களுக்கும் வாய்ப்பு வரும். ஏறியவருக்கோ படகுப் பைத்தியம் பிடித்துவிடும். பாஷா அப்படி ஏறி வந்தவர்தானே?

போன மாசியில் கடைசிப் பந்தயத்தை நாம் ஜெயித்தோம். ஆடியில் நீங்கள் போய்விட்டீர்கள். ஆகவே இந்தப் பருவத்தின் முதல் ஞாயிறு நம் படகில்தான் புது ஆள் ஏற வேண்டும். யார் ஏறினார் தெரியுமா?

ஏரி மீன் குத்தகை கைமாறிவிட்டது அண்ணே. புதுக் குத்தகைக்காரர் களமருதூர் சின்னதுரை. நானும் பாஷாவும் போய் அனுமதி கேட்டோம். "பலகை, கயிறுன்னு வந்து வலையைக் கிழிச்சிட்டுப் போவீங்க. வேற ஏரி பாருங்க" என்றார். வலை கிடக்கும் இடத்தில், படகுக்கு அடியில் தண்ணீருக்குள் நீட்டியிருக்கும் பலகையைக் கயிற்றால் மேலே தூக்கிக்கொண்டு போய்விடுவோம் என்று பொறுமையாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "ஒரே ஒரு ஞாயிறு பாக்கறேன். வலையில ஒரு கண்ணு அறுந்தாலும் அப்புறம் ஒரு படகும் எறங்கக் கூடாது." நம் ஏரி போனால் நமக்கு வேறு தண்ணீர் ஏது? "சரி, நீங்களே எங்க படகுல ஏறிப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன்.

வந்தார். மிதவைச் சட்டையை நீட்டினேன். "எனக்கா? மீனுக்கு நீச்சல் கத்துத் தரியா சார்?" என்று தூக்கி எறிந்தார். அவரை முன்பக்கம் உட்காரவைத்து, நான் "பலகை"ன்னு குரல் கொடுத்தால் இந்தக் கயிற்றை இழுங்கள் என்றேன். அது இத்தனை வருஷமாய் என் இடம், என் வேலை. குரல் கொடுப்பது உங்கள் வேலை. முதன்முறையாகச் சுக்கானைப் பிடித்துப் பின்பக்கம் உட்கார்ந்தேன்.

காற்று நன்றாக ஏறியது. எதிர்காற்றில் படகு வளைந்து வளைந்து போவது முதலில் அவருக்குப் பிடிக்கவில்லை. "குடிச்சவன் வூட்டுக்குப் போற மாதிரி போறியே சார்!" என்றார். திரும்பி, காற்றைப் பின்னால் வாங்கியதும் ஆள் மாறிவிட்டார். பாஷாவின் படகு பக்கத்தில் வந்தது.

"இன்னா சார், குத்தகைக்காரர் கனம் ஜாஸ்தியா?"

"யோவ் மாத்திரை! உன் படகுல ஓட்டை இருக்கு பாரு! சார், இன்னா வேடிக்கை பாத்துக்கினு இருக்க, முந்து சார்!"

அவர் படகின் விளிம்பைத் தட்டிக் கத்துகிறார். எனக்கும் உடம்பெல்லாம் சூடு. எதிரே வலையின் வெள்ளை மிதவைகள் தெரிந்தன. தெளிவாகத் தெரிந்தன அண்ணே. நான் காத்திருந்தேன். குரல் வரும் என்று காத்திருந்தேன். ஓய்வு பெற்ற வாத்தியார் எங்கேயோ பள்ளி மணி கேட்டால் வீட்டிலிருந்தபடியே சாக்பீஸைத் தேடுவாரே, அப்படி. கூப்பிட வேண்டியவன் நான்தான் என்பது புத்தியில் வரவேயில்லை. படகு வெடுக்கென்று நின்றது. வலை பலகையில் சுற்றிக்கொண்டது.

நீங்கள் பழக்கியபடி எல்லாப் படகுகளும் பந்தயத்தை விட்டுத் திரும்பின. சின்னதுரை தண்ணீரில் குதித்தார். முங்கி முங்கி எழுந்தார். பாஷா வெள்ளைப் பேண்ட்டோடு குதித்து வலையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தார். வலை விடுபட்டது. ஆனால் ஒரு முழம் கிழிந்திருந்தது. நம் பருவமே அந்த ஒரு முழத்தோடு போயிற்று என்று நினைத்தேன்.

சின்னதுரை படகின் விளிம்பைப் பிடித்தபடி மூச்சு வாங்கினார். "நீ கூப்பிடல சார்."

"ஆமாங்க. அண்ணன் கூப்பிடுவாருன்னு இருந்துட்டேன். தப்பு என்னுதுதான்."

அவர் தண்ணீரைத் துப்பிவிட்டுப் பாஷாவைப் பார்த்தார், வலையைப் பார்த்தார். "வலை என்னுது. போட்டவன் நானு. இந்த மாத்திரையை முந்தற ஆத்திரத்துல எனக்கே அது கண்ணுல படலயே! உன்ன இன்னான்னு சொல்றது?" என்றவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு குரலை இறுக்கிக்கொண்டார். "கிழிச்சது கிழிச்சதுதான். ஞாயித்துக்கெழம காத்தால மொதல்ல எல்லாரும் கரையில குந்தி வலை பின்னணும். அப்புறம்தான் படகு. சம்மதமா?"

சம்மதிக்காமல் இருப்போமா? இப்போது பொங்கல் சாப்பிட்ட கையோடு வரிசையாக உட்கார்ந்து வலை பின்னுகிறோம். அண்ணி ஊசியை எடுத்தால் சின்னதுரையே வாய் பிளக்கிறார். அத்தனை வேகம். கண்டக்டர் பின்னுவதை மட்டும் அவர் பிரித்துப் பிரித்துத் திரும்பப் போடுகிறார்.

அன்றைக்கு வலையைக் கரை சேர்த்துவிட்டுப் பந்தயத்தை மறுபடி ஓட்டினோம். நாம் கடைசி. ஜெயித்தது பாஷா. வழக்கப்படி புது ஆளை ஏற்றும் பாரம் அவர் படகுக்குப் போயிற்று. அடுத்த ஞாயிறே சின்னதுரை கொஞ்சமும் வெட்கமில்லாமல் அதில் போய் ஏறிக்கொண்டு, எனக்குக் கை ஆட்டுகிறார். நீங்கள் உயிரோடு இருந்து இதைப் பார்த்திருந்தால் யாரைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள்?

மதகு திறப்பதற்குள் ஒரு ஞாயிறாவது பாஷாவை முந்தி, அந்த மனிதரை நம் படகுக்கு இழுத்துக்கொண்டு வருவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வந்து உட்கார்ந்திருக்கும்,
உங்கள் தம்பி,
வாத்தியார்.