உள்ளூர்ப் பையன் ஜெய்ல்சன்

அன்பு மகன் ஷிமேவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஏதோ நலமாக இருக்கிறோம், நீயும் அங்கே இத்தாலியில் முழங்காலோடு மல்லுக்கட்டாமல் சுகமாக இருக்க வேண்டும். மூன்று நாள் வடகாற்று பேயாக அடித்து அத்திமரத்தில் பெரிய கிளையை முறித்துப் போட்டுவிட்டது, அம்மாவுக்கு இடுப்பு வலி, ஆனாலும் வெள்ளிக்கிழமை மீன் குழம்பு வைப்பதை அவள் விடவில்லை, அதில் பாதி ஜெய்ல்சனுக்குப் போகிறது. பிரேசில்காரன், பதினெட்டு வயதில் நம் கால்பந்து கிளப்புக்கு வந்தான், வந்த புதிதில் கடையில் ரொட்டி கேட்கக்கூடத் தெரியாது.

திரும்பி வந்து இங்கேயே ஆட வேண்டும், கிளப்பில் பேசுங்கள் என்று எழுதியிருந்தாய். செயலாளர் நிக்ஷாவிடம் பேசினேன். ஐரோப்பியப் போட்டிக்கான பட்டியலில் இருபத்தைந்து பேர், அதில் நாலு பேர் நம் கிளப்பிலேயே வளர்ந்தவர்களாக இருக்க வேண்டும், மூன்று பேர் இருக்கிறார்கள், ஆக நாலாவது இடம் உனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஏழு வயதிலிருந்து இங்கே ஆடியவனாயிற்றே என்றேன். பதினைந்து வயதுக்கு முன்னால் ஆடியதெல்லாம் செல்லாதாம், பதினைந்துக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவில் மூன்று முழு சீசன் வேண்டுமாம். உனக்கு இரண்டரை. ஜெய்ல்சனுக்கு மூன்று. ஆகவே நாலாவது உள்ளூர்ப் பையன் அவன், நீ வெளியாள். சரி, வெளியாளாகவே எடுத்துக்கொள்ளேன் என்று கேட்டதற்கு, "அந்த எடத்துக்கு ஓடத் தெரிஞ்சவனா பாத்துக்கிறோம் யெர்கோ" என்றான். காபிக் கடையில் விஷயம் தெரிந்து ஒரே சிரிப்பு. நீ வருவதானால் கோடையில் சுற்றுலாக்காரர்களின் பெட்டி தூக்க படகுத்துறையில் ஆள் தேடுகிறார்கள், இப்போதே சொல்லிவைக்கவா என்று எழுது.

அந்த அரை சீசன் எங்கே போயிற்று என்று நீ மண்டையைக் குடைந்துகொள்வாய், அதனால் சொல்லிவிடுகிறேன். உனக்கு அப்போது பதினேழு, என் கையெழுத்து இல்லாமல் போக முடியாது. இத்தாலிக்காரர்கள் ஜூன் வரைக்கும் பொறுப்போம் என்றுதான் சொன்னார்கள். நிக்ஷாவும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சீசன் முடியட்டும், நாளைக்கு இவன் திரும்பி வரணும்னா இது வேணும்" என்று புத்தி சொன்னான். எல்லாம் நன்றாகப் புரிந்தது. அதற்கு அடுத்த ஞாயிறு சாப்பாட்டு மேசையில், உன் மாமன்மார் எல்லாரும் உட்கார்ந்திருக்க, "அப்பா மாதிரி இந்த மைதானத்துப் புல்ல வெட்டிக்கிட்டே கெடந்து சாகணுமா நான்?" என்று கேட்டாய். எல்லாரும் சிரித்தார்கள், உன் அம்மாவும்தான். மறுநாள் காலையில் போய், ஜூனுக்குப் பதில் ஜனவரியிலேயே நீ போகிற மாதிரி கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். ஏழு வருஷம் ஆகிறது, ஒருநாள்கூட வருத்தப்பட்டதில்லை. புல்லை இப்போதும் நான்தான் வெட்டுகிறேன், அதில் ஜெய்ல்சன் ஓடுவது கண்ணுக்கு நன்றாக இருக்கிறது.

கடவுள் உன்னைக் காக்கட்டும், முழங்காலுக்குச் சூட்டு ஒத்தடம் கொடு, குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு மறக்காமல் போன் செய். நீ வந்துவிடுவாய் என்று அவள் உன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறாள், வரவில்லை என்பதை நீயே சொல்லிவிடு.

உன் அப்பா
யெர்கோ