தேவி அக்காவின் எறும்புகள்

14.08.93, சனி

விடிந்ததிலிருந்து சோளகக் காற்று. முற்றத்துப் புழுதி முழுவதும் குசினிக்குள். கூட்டினேன், திரும்பக் கூட்டினேன், பிறகு போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்று உடுப்புத் தோய்க்கும் நாள். சவர்க்காரம் ஒரு சின்னத் துண்டு. அது இவருடைய உடுப்புக்கு மட்டும். பனம்பழம் விழத் தொடங்கியதிலிருந்து பிள்ளையின் துணிகளுக்குப் பனம்பழம்தான். பிசைந்தால் நன்றாகவே நுரைக்கிறது. வாசம்தான் போவதில்லை. கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிறது, இரண்டாம் தரம் அலச மனம் வரவில்லை.

கொடியில் போட்ட பூச்சட்டையைப் பக்கத்து வீட்டு மணியக்காவின் பசு சப்பிவிட்டது. போய்ச் சொன்னேன்.

“பனம்பழ மணத்துக்கு அது என்ன செய்யும், பாவம். உடுப்பெண்டு அதுக்குத் தெரியுமே?”

பசுவுக்குப் பாவம் பார்க்கிறா. பிள்ளையின் சட்டைக்கு யார் பார்ப்பது?

துளசி நாள் முழுக்கத் தண்ணீர் கேட்டாள். ஐப்பசியில்தான் இரண்டு வயது முடிகிறது, அதற்குள் செம்பைத் தானே தூக்கிக் குடிக்கிறாள். போன மாதக் காய்ச்சலுக்குப் பிறகு மெலிவு. இடுப்பில் வைத்தால் பாரமே இல்லை.

வாங்க: உப்பு, நெருப்புப்பெட்டி, இவருடைய செருப்புக்கு வார்.

16, திங்கள்

காற்று நின்று வெக்கை. இவர் வயலுக்கு.

பிள்ளை நனைத்த துணியை மூலையில் போட்டிருந்தேன். தோய்க்க எடுக்கப் போனால் எறும்பு. ஈரம் பட்ட இடத்தைச் சுற்றி மொய்த்துக்கொண்டு, சுவரோரம் வரிசையாக இன்னும் வந்துகொண்டு. நீட்டிய கை அப்படியே நின்றது.

எறும்பு வந்தால் என்னவென்று எனக்குத் தெரியும். தேவி அக்காவுக்கு எட்டு வயதில் சீனி வருத்தம் என்று முதலில் சொன்னது டொக்டர் இல்லை. அவள் ஒன்றுக்கு இருந்த இடத்தில் மொய்த்த எறும்புதான். அதைக் கண்டு அம்மா தலையில் கை வைத்தபடி குந்தியது இன்னும் கண்ணுக்குள். அக்கா பயப்படவில்லை. எறும்புகளுக்கு “என்ர கூட்டாளிமார்” என்று பெயர் வைத்தாள்.

அப்பாவுக்கு அப்போது கிளிநொச்சி ஸ்டேசனில் வேலை. வீட்டில் பிரிட்ஜ் இல்லை. அக்காவின் இன்சுலின் ஸ்டேசனுக்கு எதிரே இருந்த கூல்பாரில், சோடாப் போத்தல்களுக்கு நடுவே இருக்கும். காலையில் ரயில் போனபின் இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு எடுக்கப் போவோம். முதலாளி எனக்கு ஒரு சிவப்பு ஐஸ்பழம் தருவார். அக்கா ஒரே ஒரு நக்கு. மிச்சத்தை நான் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே வருவாள்.

“மெள்ளத் தின்னடி. நானும் பாக்க வேணும்.”

ஊசி குத்தப் போகிற பிள்ளை மாதிரியே நடக்கமாட்டாள். தண்டவாளத்தில் ஏறி, கையை விரித்து, விழாமல் போவாள். நான் விழுவேன். அந்தக் காலைகளில் ஒன்றை யாராவது திருப்பித் தந்தால் போதும் எனக்கு.

இப்போது கூல்பார் இல்லை. ரயில் இல்லை. கரண்ட் இல்லை. மருந்து வந்தாலும் எந்தக் குளிரில் வைப்பது? மூன்று வருசத்துக்கு முதல் சண்டையில் பாதை பூட்டியபோது அக்காவுக்கு மருந்து வந்து சேரவில்லை. அதற்கு மேல் எழுத முடியவில்லை.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

17, செவ்வாய்

துளசி பிறந்த அன்று “தேவியக்காதான் திரும்பி வந்திருக்கிறா” என்று சொன்னவளே நான். நெற்றிச் சுழி, இடக்கை, கோபம் வந்தால் கீழுதட்டைப் பிதுக்குவது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக் காட்டிப் பெருமைப்பட்டேன். கண்ணூறு படும் என்று மணியக்கா சொன்னதையும் கேட்கவில்லை.

இன்று முழுக்கப் பிள்ளையில் அக்கா இல்லாத இடங்களைத் தேடினேன்.

விரல்: அக்காவுடையது நீளம். இவளுக்குத் தகப்பனின் கட்டை விரல்கள்.
நிறம்: இவள் கொஞ்சம் வெள்ளை.
பூனை: அக்காவுக்குப் பயம். இவள் வாலைப் பிடித்து இழுப்பவள்.
காது: எழுதிவிட்டு வெட்டிவிட்டேன்.

தண்ணீர்ச் செம்பை ஒளித்து வைத்தேன். அழுதாள். எடுத்துக் கொடுத்தேன். என்ன விசர் எனக்கு.

மத்தியானம் இவர் வந்தவர், “என்னப்பா, பிள்ளையையே பாத்துக்கொண்டு இருக்கிறீர். சோறு அடிப்பிடிச்சு மணக்குது” என்றார். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். சோற்றுக் கோப்பையில் கை வைத்தவர் சாப்பிடவில்லை.

“வியாழக்கிழமை மிசி வாறா எல்லே. காட்டுவம்.”

மிசி எங்கள் பகுதி மருத்துவிச்சி. பிள்ளைத்தாச்சிகளின் சலத்தில் சீனி பார்ப்பது அவர்தான். எனக்கும் பார்த்தவர்.

19, வியாழன்

போத்தலோடு பிள்ளைக்குப் பின்னால் அலைச்சல். வேண்டாத நேரம் பாயில், மடியில், கோயில் வாசலில். வேண்டிய நேரம் ராசாத்தி நடை. கடைசியில் பூனையைத் துரத்தப் போனவள் நின்ற நிலையில் விட்டாள். பாதி என் கையில், பாதி போத்தலில்.

கிளினிக்கில் ஏழெட்டுப் பிள்ளைத்தாச்சிகள். மிசி சலித்துக்கொண்டா.

“சீனி பாக்கிற நீலத் தண்ணி கொஞ்சந்தான் கிடக்கு. அதுவும் இவையளுக்கெண்டு வச்சது.”

தேவியக்காவைப் பற்றிச் சொன்னேன். கையை நீட்டிப் போத்தலை வாங்கினா.

ஸ்பிரிட் விளக்கு எரிக்க ஸ்பிரிட் இல்லை. சிரட்டைக்கரி அடுப்பில் பேணித் தண்ணீர் கொதிக்க, அதற்குள் நீலத் தண்ணியும் சலமும் கலந்த குழாய். பச்சை என்றால் சீனி கொஞ்சம், மஞ்சள் என்றால் கூட, செங்கல் நிறம் என்றால் நிறைய. அக்காவுடையது எப்போதும் செங்கல். பள்ளிக்கூடம் போக முதலே எனக்கு இந்த நிறங்கள் பாடம்.

இவர் வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். உள்ளே வரப் பயம்.

நீலம். மாறவே இல்லை.

“வடிவாப் பாரும். ஒண்டும் இல்லை. இந்த வெக்கைக்குப் பிள்ளை தண்ணி குடியாமல் வேற என்ன செய்யும்? காய்ச்சல் கிடந்த உடம்பு, தேறும்.”

“அப்ப எறும்பு, மிசி?”

“அதைக் கொண்டு வாரும், கேட்டுச் சொல்லுறன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் முழுதாக இல்லை.

சவர்க்காரம் முடிந்தது. பின்னேரம் இவருடைய சாரத்தையும் பனம்பழத்திலேயே தோய்த்தேன்.

20, வெள்ளி

காலையில் பிள்ளையின் துணியில் மறுபடி எறும்பு. நீலத் தண்ணி பழசாக இருக்குமோ? மிசிக்குக் கண் மங்கலோ? அடுப்பு மூட்டவே மனம் வரவில்லை.

மத்தியானம் இவர் குளித்துவிட்டு வந்து, கதிரையில் கிடந்த சாரத்தை உடுத்தார். உடுத்தவர் துள்ளினார். உதறினார். தரையெல்லாம் எறும்பு.

“இஞ்சேரும், எனக்கும் சீனி வருத்தம் போல கிடக்கு.”

பகிடிக்குச் சொன்னார். நான் ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து, தோய்த்து மடித்து வைத்த பிள்ளையின் துணிகளை ஒவ்வொன்றாக விரித்தேன். பிள்ளை தொடாத, நனையாத துணிகள். மடிப்புக்கு மடிப்பு எறும்பு.

பனம்பழம். ஒரு அலசலில் போகாத இனிப்பு. மணியக்காவின் பசுவுக்கு விளங்கியது எனக்கு விளங்க ஒரு கிழமை.

சிரிப்பு வந்தது, நிற்கவில்லை, அழுகையாகிவிட்டது.

“ஏனப்பா, நல்ல விசயந்தானே.”

ஓம், நல்ல விசயம். ஆனால் இதை அக்காவுக்குச் சொல்ல முடியவில்லையே. கேட்டிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். “என்ர கூட்டாளிமார் உங்களையும் விடேல்லையோ” என்றிருப்பாள்.

22, ஞாயிறு

மீண்டும் சோளகம். இவர் வாய்க்காலில் இருந்து சைக்கிளில் இரண்டு கான் தண்ணீர் கொண்டுவந்தார். எல்லாத் துணியும் இரண்டு அலசல். பசு வந்து மணந்து பார்த்துவிட்டுப் போனது.

உப்பு கிடைத்தது. செருப்பு வார் இல்லை.

மத்தியானம் பிள்ளை நித்திரை. இடக்கை கன்னத்துக்குக் கீழே, உதடு பிதுங்கி. பக்கத்தில் படுத்து ஆசை தீரப் பார்த்தேன். ஐந்து நாளாக இப்படிப் பார்க்கவே பயந்திருந்தேன். செவ்வாய்க்கிழமை வெட்டியதைத் திரும்ப எழுதுகிறேன்.

காது: அக்காவுடைய அதே காது.

எழும்பிவிட்டாள். தண்ணி கேட்கிறாள்.