புதன்கிழமை இரவின் விலை

ஜூன் 2, திங்கள்

இன்று முன்பல் நான்கு, கடைவாய்ப்பல் ஏழு. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பல் செய்து கொடுக்கும் வேலையில் யாருடைய முகமும் எனக்குத் தெரியாது, வாய் மட்டும்தான் தெரியும். ஒருவருக்கு வலது பக்கம் அப்படியே தேய்ந்து கிடந்தது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவராக இருக்க வேண்டும். அவரும் விவாகரத்து ஆனவரோ என்னவோ.

என் மகள் வாலு நேற்று மாலை அவள் அப்பா வீட்டிலிருந்து வந்தாள். வெள்ளி, சனி இரவுகள் அங்கே, மீதி ஐந்தும் என்னோடு. கோர்ட் சொன்னபடி மூன்று வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. வரும்போதே ஒரு சேதி கொண்டுவந்தாள். "அப்பா கேக்கச் சொன்னாரு. புதன்கிழமை ராத்திரியும் அங்க தங்கலாமான்னு." புதன் மாலையும் வியாழன் விடியலிலும் அவளுக்கு நீச்சல் பயிற்சி. குளம் அவர் வீட்டுக்கு எதிர்த்தெரு. ஏசி மெக்கானிக்கான அவருக்கு இத்தனை நாள் இரவு வேலை இருந்தது. இப்போது பகலுக்கு மாற்றிவிட்டார்களாம்.

அவரும் நானும் நேரில் பேசிக்கொள்வதில்லை. பேசினால் சண்டை. எந்தச் சேதியானாலும் வாலு வழியாகத்தான் போகும், வரும். பதினோரு வயதுத் தபால்காரி. யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

மதிய இடைவேளையில் வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. பிள்ளை யாரிடம் எத்தனை இரவு தங்குகிறது என்பதை வைத்துத்தான் வாலுவின் அப்பா கொடுக்க வேண்டிய பராமரிப்புத் தொகையைப் போட்டிருக்கிறார்கள். அதற்கு எங்கள் தீர்ப்பிலேயே ஒரு வரம்பு உண்டாம். வாரத்துக்கு மூன்று இரவு அவரிடம் என்றால் வரம்பு தாண்டிவிடும். அப்புறம் இருவரும் சேர்ந்து வளர்ப்பதாகக் கணக்கு. தொகை ஏறக்குறையப் பாதியாகும்.

அப்படியானால் உடனே குறைத்துவிடுவாரா என்று கேட்டேன்.

"அவர் இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது. மனு போடணும், கோர்ட் மாத்தணும். அதுவரைக்கும் பழைய தொகைதான். ஆனா மனு போடுவாரா மாட்டாரான்னு உங்களுக்குத்தான் தெரியும்."

எனக்கு எப்படித் தெரியும்? பத்து வருடம் குடும்பம் நடத்தியும் அவரைப் பற்றி எனக்கு என்னதான் தெரிந்தது?

அந்தத் தொகை அப்படியே வீட்டு வாடகைக்குப் போகிறது. என் சம்பளம் மற்றதற்கு. பாதியானால் இந்த வீடு இல்லை, வாலுவுக்கு அறை இல்லை. அறைகூட இல்லாத வீட்டில் பிள்ளையை எப்படி வைத்துக்கொள்வாய் என்று நாளைக்கே யாராவது கேட்டால்? ஒரு இரவு போனால் அடுத்ததும் போகும். அப்புறம் நான்தான் வாரக் கடைசியில் பார்க்கிற அம்மா. ஐயோ, வேண்டாம் — முடியாது.

ஜூன் 6, வெள்ளி

வாலுவிடம் சொல்லி அனுப்பிவிட்டேன். வாரத்தின் நடுவில் வீடு மாறினால் படிப்பு கெடும், புதன்கிழமை சரிப்படாது என்று.

படிப்பாம். வகுப்பில் முதல் மூன்றுக்குள் வருகிற பிள்ளை.

ஜூன் 18, புதன்

பயிற்சிக்கு நானே கூட்டிப் போகிறேன். இரண்டு பஸ் மாற வேண்டும். ஈரத் தலையோடு பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுகிறாள். நாளை விடியுமுன் எழுப்பி மறுபடி அதே இரண்டு பஸ்.

இன்று குளத்து வாசலில் அவர் நின்றிருந்தார், வேலை உடுப்போடு. வாலுவின் தலையைத் துவட்டிவிட்டுப் போனார். என்னைப் பார்க்கவில்லை. நானும்தான். எதிர்த்தெருவில் அவர் வீட்டு விளக்கு எரிகிறது, இந்தப் பக்கம் பிள்ளை தும்மிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறது. கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று மட்டும் எழுத வரவில்லை.

ஜூன் 27, வெள்ளி

காலையில் அக்கா போன் செய்தாள். வாயை அடக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "அந்த ஒரு ராத்திரிய விட்டுட்டா பாதிக் காசு போயிடும்க்கா. வீடு போயிடும்." விட்டுக்கொடுக்காதே, பிடித்தால் உடும்புப் பிடியாகப் பிடி என்றாள் அக்கா. அவளுக்கென்ன, சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

திரும்பினால் வாலு பள்ளிக்கூடப் பையோடு நிற்கிறாள். எதுவும் கேட்டிருக்காது. அடுப்படியில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

ஜூலை 9, புதன்

நீச்சல் அலுத்துவிட்டதாம், இனிமேல் போக மாட்டாளாம். நான்கு வயதில் வாளித் தண்ணீரில் முகத்தை முக்கி எண்ணிக்கொண்டிருந்த பிள்ளை. ஏன் என்று கேட்டேன். "சும்மாதான்மா" என்றாள். நான் மேலே கேட்கவில்லை.

நிம்மதியாக இருக்கிறது. சீ, நானும் ஒரு அம்மா.

ஜூலை 21, திங்கள்

பயிற்சி மாஸ்டர் போன் செய்தார். இந்த மாதப் பணம் வரவில்லை, அப்பா நிறுத்தச் சொல்லிவிட்டார், இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று. எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. அலுத்துவிட்டது என்று பிள்ளை சொன்னதற்குக் காரணம் இதுதானா? நான் இரவைக் கொடுக்கவில்லை என்ற ஆத்திரத்தைப் பிள்ளையிடம் காட்டுகிறாரா? மூன்று வருடம் கழித்து அவர் எண்ணை அழுத்தினேன். வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். அவர் குறுக்கே பேசவில்லை. நான் மூச்சு வாங்கியபோதுதான் சொன்னார்.

"அவளேதான் வேணாம்னா. புதன்கிழமை என் வீட்டுல தங்கப் பிடிக்கலன்னு அப்பவே சொல்லிட்டா. இப்ப நீச்சலே பிடிக்கலங்கறா. நான் என்ன பண்ண?"

படிப்பு கெடும் என்று நான் சொல்லி அனுப்பியதைக் கேட்டேன். அப்படி ஒரு சேதி வரவே இல்லை என்றார்.

என் மறுப்பை அவள் தன்னுடையதாக்கிச் சொல்லியிருக்கிறாள். அப்பாவுக்கு என் மேல் கோபம் வரக்கூடாதென்று. ஒன்றரை மாதமாக அந்த மனிதர், பெற்ற பிள்ளைக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

தொகை பாதியாகும் என்ற பயத்தில்தான் மறுத்தேன் என்று சொன்னேன்.   "கேக்கும்போது காசைப் பத்தி நினைக்கல" என்றார். பிறகு, "அப்புறம் கூட வேலை செய்யறவர் சொன்னாரு. அப்ப நினைச்சேன். பொய் சொல்ல மாட்டேன்."

ஜூலை 22, செவ்வாய்

வாலுவிடம் கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா" என்கிறாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பிள்ளை எதையும் கேட்பதில்லை இப்போதெல்லாம். செருப்பு வார் அறுந்ததைத் தானே ஊசி நூல் எடுத்துத் தைத்துப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். வகுப்பில் எல்லோரும் சுற்றுலா போகிறார்களாம், இவள் மட்டும் பெயர் கொடுக்கவில்லை. டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முன்பெல்லாம் நச்சரித்து உயிரை வாங்குவாள். அந்த நச்சரிப்புக்கு இப்போது ஏங்குகிறேன்.

காசு விஷயம் அவள் காதில் விழுந்திருக்கிறது. மிக்ஸியாவது மண்ணாவது.

ஆகஸ்ட் 7, வியாழன்

கோர்ட்டில் சமரசம் பேசும் அறை. வக்கீலம்மாவிடம் சொல்லி நானே கேட்டு வாங்கிய தேதி. வட்ட மேசை, ஒரு மின்விசிறி, சுவரில் யாரோ குழந்தை வரைந்த மீன். நானும் அவரும் எதிரெதிரே, நடுவில் வாலு. சமரசம் செய்யும் அம்மா நல்ல மாதிரி. அவசரப்படவே இல்லை. உனக்கு எங்கே எத்தனை நாள் இருந்தால் வசதி, பயப்படாமல் சொல் என்று வாலுவிடம் கேட்டார்.

வாலு அவரையே திருப்பிக் கேட்டாள்.

"எந்த வீட்டுல எத்தனை நாள் இருந்தா யாருக்கும் காசு குறையாது?"

அவள் அப்பா கையால் முகத்தை மூடிக்கொண்டார். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் என் மடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள் பாவி மகள், அழக்கூட இல்லை.

அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, புதன்கிழமை அவள் அங்கே இருக்கட்டும், தொகையைக் கணக்குப் போட்டுக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நானே சொன்னேன். அக்கா கேட்டால் கொன்றுவிடுவாள். ஆனால் மூன்று இரவு அவர் சோறு போட்டு, விடியலில் எழுப்பி, பள்ளிக்கும் அனுப்பப் போகிறார்; அதற்கும் சேர்த்து நான் காசு வாங்குவது எந்த ஊர் நியாயம்? வேறு வீடு பார்க்கும்வரை பழைய தொகையே இருக்கட்டும், பள்ளிக் கட்டணம் முழுவதும் தன் பொறுப்பு என்றார் அவர். வாய்ப்பேச்சு வேண்டாம், பின்னால் இரண்டு பேருக்கும் தலைவலி என்று அந்த அம்மா எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கினார். நீதிபதி ஒப்புக்கொண்ட பிறகுதான் செல்லுமாம்.

இன்னொன்றையும் எழுதச் சொன்னேன். இனிமேல் பிள்ளை வழியாகச் சேதி அனுப்புவதில்லை.

செப்டம்பர் 13, சனி

கோர்ட் உத்தரவு வியாழக்கிழமை வந்தது. இன்று வீடு மாற்றினோம். ஒரு அறை, ஒரு கூடம், குளியலறைக் கதவு சாத்தாது. அறை வாலுவுக்கு, எனக்குக் கூடம். சனிக்கிழமைகளிலும் வேலைக்கு வருவதாக முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். வருத்தமே இல்லை என்று எழுதினால் பொய். பழைய வீட்டுச் சாவியைக் கொடுக்கும்போது அழுகை முட்டியது. வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

செப்டம்பர் 17, புதன்

முதல் புதன். அடுப்பே மூட்டவில்லை. யாருக்கு?

அக்டோபர் 8, புதன்

வேலை சீக்கிரம் முடிந்தது. நேரே குளத்துக்குப் போனேன். மாஸ்டர் நல்லவர், வாலுவின் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். அவள் அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு நானும் உட்கார்ந்தேன். அவளுக்குச் சளி பிடித்து இப்போது சரியாகிவிட்டது என்றார். மருந்து கொடுத்தீங்களா என்று கேட்டேன். கொடுத்தேன் என்றார். அவ்வளவுதான் பேச்சு.

வாலு எங்கள் முன்னால் நீந்திவந்து கரையைப் பிடித்தாள். நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"இது தண்ணி விடுது. புதுசு வேணும். நீலக் கலர். மட்டமா எதையாவது வாங்கிட்டு வந்துடாதீங்க."

வாங்கப் போவது அம்மாவா அப்பாவா என்று சொல்லவில்லை. கேட்டுவிட்டு எங்கள் முகத்தையும் பார்க்கவில்லை. கண்ணாடியை இறக்கிக்கொண்டு அடுத்த சுற்றுக்குப் போய்விட்டாள்.