கயிறு சிக்கவில்லை

இன்று காலை க்யிம்யிண்டைங் படகுத்துறையில் ஒருத்தி, கயிறு பிடித்திருந்த புருஷனைப் பார்த்து "ஷோ, ஷோ" என்று கூவினாள். பர்மிய மொழியில் தளர்த்து என்கிறாள். என் கை தானாக விரிந்து, வாங்கி வந்த கீரைக்கட்டு சேற்றில் விழுந்தது. நீ இறந்துபோய் ஒரு வருடம் கழித்து என் கை அந்தச் சொல்லுக்குக் கீழ்ப்படிகிறது.

கல்யாணமான புதிதில் பர்மிய வழக்கப்படி என்னை, அண்ணன் என்ற பொருளில், "அக்கோ" என்பாய். "நான் என்ன உனக்கு அக்காவா?" என்பேன். "அக்காவா இருந்தா சோறாவது ஆக்கும்" என்பாய், தட்டுத் தடுமாறி. பர்மிய மொழியில் பேசினால் நான் பதிலே சொல்லமாட்டேன். கோயில் சுவரில் உபயதாரர் பெயர்களை எழுத்துக்கூட்டித் தமிழ் படித்தவன் நான். வீட்டுக்குள்ளும் அதை விட்டுவிட வேண்டுமா? இதில் இன்றும் நான் மாறவில்லை.

அந்த வருடமே, தமிழர்களோடு பழகித் தமிழ் பேசும் உன் மாமாவின் படகில் பெகு பக்கம் கால்வாயில் போனோமே, அதைத்தான் சொல்ல வந்தேன். கால்வாய் பள்ளத்தில் இறங்குமிடத்தில் அடுத்தடுத்து மூன்று மதகு அறைகள். படகு உள்ளே போனதும் பின்கதவை மூடித் தண்ணீரை வடிப்பார்கள். படகு இறங்க இறங்க, கரைக் கம்பத்தில் மாட்டிய கயிற்றை விட்டுக்கொடுக்க வேண்டும். முன்கயிறு உன்னிடம், பின்கயிறு என்னிடம். என் கயிறு படகின் முளையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது, நுனி என் கையில்.

முதல் இரண்டு அறைகளில் "விடுங்க, விடுங்க" என்றாய். விட்டேன். மூன்றாவதில் தண்ணீர் வேகமாக வடிந்தது. பதற்றத்தில் உனக்குத் தமிழ் வரவில்லை. "அக்கோ, ஷோ! ஷோ!"

எனக்குப் புரிந்தது. தமிழில் சொல்லட்டும் என்று பிடித்துக்கொண்டே நின்றேன்.

படகின் பின்புறம் கயிற்றில் தொங்கிச் சாய்ந்தது. நீ ஓடிவந்து சுற்றை அவிழ்க்க முளையில் கைவைத்தாய். மாமா கயிற்றை வெட்டுவதற்குள் உன் மோதிர விரலின் நுனி நசுங்கிவிட்டது.

"கயிறு சிக்கிக்கிச்சு" என்றேன் அவரிடம். நீ விரலைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாய். பிறகு அவரிடம் திரும்பினாய். "ஆமாம் மாமா, கயிறு சிக்கிக்கிச்சு."

கேட்டவர்களுக்கெல்லாம் கடைசி வரை அதையே சொன்னாய். நம் மகளுக்கும்.

இன்று சாயங்காலம் ஷ்வேப்யிதா ஆலையில் வேலை முடிந்து அவள் வந்ததும் உட்காரவைத்து, நடந்ததைச் சொன்னேன். பர்மிய மொழியில்தான் சொன்னேன். தமிழில் சொல்ல வாய் வரவில்லை. அவள் தமிழில் கேட்டாள்: "அம்மா கத்துனது உங்களுக்குக் கேக்கலியாப்பா?"

"கேட்டுச்சு."

"புரியலியா?"

"புரிஞ்சுச்சு."

அவள் எழுந்துபோய்ச் சேறு படிந்த கீரையை அலச ஆரம்பித்தாள். வெகுநேரம் அலசினாள்.

உன் தமிழை நான் எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன். எனக்காக நீ சொன்ன அந்தப் பொய்யில் மட்டும் திருத்த ஒன்றுமில்லை. நீ தடுமாறாமல் பேசிய முதல் தமிழ் வாக்கியம் அதுதான்.