தோளில் வைத்த செங்கல்

காலையில் மகளின் ஸ்கூல் பாவாடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். செல்போனை எடுக்கத் திரும்பிய நேரத்தில் துணி லேசாகக் கருகிவிட்டது. அந்த வாசம் வந்ததிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு முறை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டுக் கடைசியில் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நாம் வேலை பார்த்த பீங்கான் பட்டறையில் அன்று உனக்குக் கால் வழுக்கியது. தோளில் பலகை, பலகை நிறைய ஈரப் பொம்மைகள். பலகையைக் கீழே போட்டவள் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது நமக்கெல்லாம். நீயும் விடாமல் பிடித்தபடியே விழுந்தாய். பொம்மையும் போயிற்று, தோளும் போயிற்று.

அதன்பின் கை மேலே எழும்பவில்லை. வலியால்தான் என்று நினைத்தோம். பட்டறையில் எந்த வலிக்கும் ஒரே வைத்தியம், சூளையோரத்துச் செங்கல்லைப் பழந்துணியில் சுற்றி ஒத்தடம். தொடர்ந்து எட்டு நாள் நான்தான் வைத்தேன். "சூடே இல்லடி, இன்னும் அழுத்து" என்றாய். சூளையில் காய்த்துப்போன என் உள்ளங்கைக்கும் சூடு உறைக்கவில்லை. எட்டாம் நாள் துணி கருகும் வாசம் வந்து எடுத்துப் பார்த்தால், உன் தோளில் தோல் கொப்பளித்திருந்தது. நீயோ பஸ்ஸில் சேத்தியாத்தோப்புக்காரி போட்ட சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தாய். எனக்கு உயிரே போய்விட்டது.

கடலூர் டாக்டர் உன்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பஞ்சால் தோளைத் தொட்டார். "தெரியுதாம்மா?" தொட்டதே தெரியாமல் நீ காத்திருந்தாய். தசைநார் கிழிந்திருக்கிறது, விழுந்தபோதே பக்கத்து நரம்பும் இழுபட்டிருக்கிறது, சூடு தெரியாமல் போனது அதனால்தான் என்றார். ஒத்தடத்தால் வந்ததில்லை என்றும் சொன்னார். "கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த மீதிப் பேச்சு இன்றுவரை என்னைச் சும்மா விடுவதில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அழுதேன். "ஏண்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? அழுத்துன்னு நான்தான சொன்னேன்" என்றாய். எனக்கு உன் மேல் கோபம்தான் வந்தது.

கை தலைக்கு எட்டாததால் தினமும் வேலைக்குமுன் வந்து நான்தான் உனக்குச் சடை போட்டேன். பின்னி முடித்து, தோளில் சுட்டுப்போன அந்த இடத்தில் விரல் வைத்து, "தெரியுதாடி?" என்பேன். "இல்ல" என்பாய். ஐந்தாறு மாதம் கழித்து ஒருநாள், "எறும்பு ஊர்றாப்புல இருக்குது" என்றாய். அன்று வேலைக்கு லேட்டாகத்தான் போனோம். உணர்ச்சி திரும்பியது. கை மட்டும் தோளுக்கு மேல் கடைசிவரை எழவில்லை.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன அன்றும் நான்தான் தலை வாரினேன். பின்னி முடித்ததும் விரல் தானாகத் தழும்புக்குப் போயிற்று. "தெரியுதாடி?" என்று கேட்டேவிட்டேன். சுற்றியிருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் உள்ளங்கையை நம்புவதில்லை. மகள் குளிக்க ஊற்றும் வெந்நீரையும் என் கன்னத்தில் தொட்டுப் பார்த்துத்தான் ஊற்றுகிறேன். அப்படியும் சில நாள் "சுடுதும்மா" என்று கத்திக்கொண்டு ஓடுகிறாள். நான் திட்டுவேன் என்று பயப்படுகிறாள், பாவம். அந்தச் 'சுடுதும்மா'வைக் கேட்கத்தான் நான் காத்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது.